குடம் கொண்டு வரவும்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் புத்திமதி. காரைக்குடியில் வாடகைக்கு வீடு தேடிப் போகும்போது என்ன வேலை என்று கேட்டால், "பத்திரிகைகளுக்கு உதவி செய்கிற அறக்கட்டளையில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். வீட்டுக்கார அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லதாப் போச்சு. எங்க மகளுக்குத் தை மாசம் கல்யாணம். ஆயிரம் பத்திரிகை வேணும், கொறச்சுப் போட்டுத் தருவீகளா?" என்றார். இந்த ஊரில் பத்திரிகை என்றால் கல்யாணப் பத்திரிகை. செய்தி வருவதற்குப் பெயர் பேப்பர். இந்த வித்தியாசம் சரியாகப் பிடிபடாமலே இங்கே இருபது வருடம் ஊடகச் சுதந்திரத்தை வளர்த்துவிட்டு ஓய்வு பெற்றேன்.

நம் வேலை என்னவென்று உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். எந்தக் கட்சியையும் எந்த முதலாளியையும் நம்பாமல் ஊர்ச் செய்தியைப் போடும் சின்னப் பத்திரிகைகளுக்கு வெளிநாட்டு நன்கொடையாளர்களிடமிருந்து உதவி பெற்றுத் தருவது, பயிற்சி கொடுப்பது, யாராவது மிரட்டினால் கூட நிற்பது. எப்படிச் செய்வது என்பதைக் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற சமாசாரம் கையேட்டில் கிடையாது. கையேட்டை எழுதியவன் நான், தப்புச் செய்தவனும் நான்.

நாங்கள் உதவி செய்த பத்திரிகைகளில் ஒன்று, மாதம் இரண்டு முறை வரும் நான்கு பக்கத் தாள். அதன் ஆசிரியர் மீனாள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த பெண். அச்சகம் ஒன்றில் பத்து வருடம் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தவர். முகூர்த்த நேரத்தைத் தவறாக அச்சடித்தால் இரண்டு குடும்பமும் சேர்ந்து வந்து என்ன பேசும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் எந்தத் தகவலையும் மூன்று பேரிடம் கேட்காமல் போடமாட்டார். இதழியல் படித்துவிட்டு வந்த எத்தனையோ பேரிடம் நான் பார்க்காத பழக்கம் அது. செய்தி திரட்டுவது, எழுதுவது, பக்கம் கட்டுவது, ஸ்கூட்டியில் கொண்டுபோய்ப் போடுவது, எல்லாம் அவர்தான். எங்கள் உதவி நின்றால் அடுத்த இதழ் வராது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

ஒருநாள் காணொலிக் கூட்டத்தில் நன்கொடையாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "இந்தப் பத்திரிகை சுதந்திரமானது என்பதற்கு என்ன ஆதாரம்?" நியாயமான கேள்விதான். மற்ற ஊர் அலுவலகங்களில் இருந்தவர்கள் எல்லோரும் மைக்கை அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "தலையிடக்கூடிய இடத்தில் இருக்கும் உள்ளூர் மக்கள் பிரதிநிதியிடமே, நான் தலையிடுவதில்லை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதி வாங்கிவிடலாமே" என்றேன். திரையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கே படிவத்தில் ஏறிவிட்டது. எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

மீனாளிடம் சொன்னபோது படிவத்தை வாங்கிப் படித்தார். பிறகு, "சார், நான் சுதந்திரமா இருக்கேன்னு எங்க ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போடணுமா?" என்றார்.

"ஒரு சம்பிரதாயம்தான்மா."

"அவுக போடமாட்டேன்னு சொன்னா நான் சுதந்திரமா இல்லையா?"

"அப்படிப் பார்க்கக்கூடாது" என்றேன். வேறு எப்படிப் பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

மீனாள் அதிகமாக எழுதியது குன்றக்குடிப் பக்கத்து ஊராட்சி ஒன்றைப் பற்றி. அவருடைய சொந்த ஊர் அது. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் போக்குவரத்து இருக்கிறது. அந்த ஊராட்சித் தலைவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் மீனாளும் பழைய இதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்ற அவர் மனைவியிடம், "பத்திரிகை விஷயமா வந்திருக்கோம்" என்றேன். அந்த அம்மா உள்ளே ஓடினார். தாம்பாளம் வந்தது, வெற்றிலை பாக்கு வந்தது, காபியும் வந்தது. "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று மீனாளைக் கேட்டார். மீனாளுக்குக் கல்யாணமாகி மகள் ஒன்பதாவது படிக்கிறாள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

தலைவர் கடிதத்தின் மாதிரியை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர், ரொம்ப முறையான மனிதர். அதுதான் வம்பு.

"தம்பி, இதுல நான் தலையிடுறதில்லைன்னு எழுதியிருக்கீக. எதுல தலையிடுறதில்லை?"

"பத்திரிகையில வர்ற செய்தியில, ஐயா."

"என்ன செய்தி வருதுன்னு தெரியாம, அதுல தலையிடலைன்னு எப்படி எழுதிக் குடுக்கிறது? பொய்க் கையெழுத்து ஆயிராதா? அச்சுக்குப் போறதுக்கு முந்தி எனக்கு ஒரு தடவை காட்டுங்க. படிச்சுப் பாத்துட்டு, தலையிடாம விட்டுர்றேன். அப்பத்தான் மனசாட்சிப்படி கையெழுத்துப் போட முடியும்."

இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. அப்போது அது மிக நேர்மையான பேச்சாகப் பட்டது. மீனாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெற்றிலையைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு இதழும் அச்சுக்குப் போகும் முன் தலைவரின் வாட்ஸ்அப்புக்குப் போனது. அவர் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு செய்தியையும் எடுக்கச் சொல்லவில்லை, ஒரு வரியையும் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? ஒற்றுப்பிழைகளை மட்டும் குரல் பதிவாக அனுப்பிவைப்பார். "ஆத்தா, ரெண்டாம் பக்கத்துல 'பள்ளி கட்டடம்'னு வந்திருக்கு. 'பள்ளிக் கட்டடம்'. க் போடணும்." பத்திரிகையின் தமிழ் பளபளவென்று ஆகிவிட்டது. நான் அந்த ஆண்டறிக்கையில் 'உள்ளாட்சியின் ஆக்கபூர்வமான ஒத்துழைப்பு' என்று எழுதினேன். நன்கொடையாளர்கள் மற்ற ஊர்களுக்கும் இந்த முறையைச் சிபாரிசு செய்தார்கள். எத்தனை ஊரில் எத்தனை பேர் என் புண்ணியத்தில் அச்சுக்கு முன்னால் படித்துப் பார்த்தார்களோ, இன்றுவரை கணக்கெடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்படியே நான்காவது கடிதத்துக்கான நேரம் வந்தது. அப்போதுதான் மீனாள் தொட்டிச் செய்தியை எழுதினார்.

அந்த ஊரின் கிழக்குத் தெருவுக்கென்று ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். அதற்கு இரண்டு முறை திறப்பு விழா நடந்துவிட்டது. முதல் முறை கட்டி முடித்ததற்கு, இரண்டாம் முறை வெள்ளையடித்ததற்கு. தண்ணீர் ஒரு முறைகூட வரவில்லை. கிழக்குத் தெருப் பெண்கள் முக்கால் மைல் நடந்து அடுத்த ஊர்க் குழாயில் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருப்பவர்கள் பேசும் பேச்சையும் வாங்கிக்கொண்டு வருவார்கள். மீனாளின் அம்மாவும் அந்த வரிசையில் நிற்பவர். பெரிய குழாயிலிருந்து தொட்டிக்கு வரும் இணைப்பையே போடவில்லை என்று தண்ணீர் திறந்துவிடுகிற மாணிக்கம் சொல்லியிருந்தார். மீனாள் வழக்கம்போல மூன்று பேரிடம் கேட்டு, தலைவரிடமும் கேட்டு, "விசாரித்துச் சொல்கிறேன்" என்ற அவர் பதிலையும் சேர்த்து, நறுக்கென்று எழுதியிருந்தார். ஒரு பெயரைக்கூட மறைக்கவில்லை.

பக்கம் தலைவருக்குப் போனது. நீல டிக் விழுந்தது. அரை நாள் போனது. பிறகு குரல் பதிவு வந்தது. மீனாள் எனக்கும் போட்டுக் காட்டினார். தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சத்தம் மூன்று முறை. பிறகு, "ஆத்தா, தலைப்புல 'தண்ணீர் தொட்டி'ன்னு இருக்கு. 'தண்ணீர்த் தொட்டி'. த் விட்டுப்போச்சு." அவ்வளவுதான்.

அன்றைக்கே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் எதையும் எடுக்கச் சொல்லலை. தலையிடமாட்டேன்னு மூணு தடவை கையெழுத்துப் போட்டவன். நாலாவது கையெழுத்து வெள்ளிக்கிழமை போடணும்ல? இந்தச் செய்தி வந்துச்சுன்னா, ஊர்க்காரவுக முன்னாடி எந்த மொகத்தோட வெளிய வர்றது? கையெழுத்துப் போடுறப்ப கை நடுங்கும்ல? அதைத்தான் சொல்றேன். வேற ஒண்ணும் சொல்லலை."

உண்மைதான், அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. மிரட்டவில்லை, கெஞ்சக்கூட இல்லை. மிச்சத்தை எல்லாம் நானே சொல்லிக்கொண்டேன். கடிதம் வராவிட்டால் உதவி நின்றுவிடும். உதவி நின்றால் பத்திரிகை நின்றுவிடும். ஒரு செய்தியைக் காப்பாற்றப் போய்ப் பத்திரிகையையே இழக்கலாமா? எவ்வளவு பொறுப்பான யோசனை பாருங்கள். இந்த மாதிரிப் பொறுப்பான யோசனை உங்களுக்கு வரும்போது, தயவுசெய்து கொஞ்ச நேரம் போனைக் கையில் எடுக்காதீர்கள். நான் உடனே எடுத்தேன்.

"மீனாள், செய்தி ரொம்ப நல்லா வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் வலுப்படுத்தி அடுத்த இதழ்ல போட்டா என்ன?"

"எதை வலுப்படுத்தணும் சார்?"

"பொதுவா."

"தலைவர் சொன்னாகளா?"

"அவர் ஒண்ணும் சொல்லலை. நானாத்தான் சொல்றேன்."

"நீங்களாவா?" என்று கேட்டார். பிறகு, "சரி சார்" என்றார். அந்தச் 'சரி சார்' எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதல் பக்கத்தில் இடம் காலியாகிவிட்டதே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டார். நான் பெரிய மனது பண்ணி, கைவசம் இருந்த என் கட்டுரை ஒன்றை அனுப்பினேன். தலைப்பு, 'ஊடகச் சுதந்திரமும் நமது கடமையும்'. எடுத்த செய்தி இருந்த அதே இடத்தில், அதே நீளத்துக்கு, கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. தலைவர் அதில் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்தும் வந்துவிட்டது, நடுங்காமல்.

இரண்டு நாள் கழித்து நான் வீட்டுக்குப் போனால், மேஜைமேல் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகைதான், பிள்ளையார் படம், தங்க நிற எழுத்து எல்லாம் சரியாக இருந்தது. "மீனாளும் அவுக அம்மாவும் தட்டோட வந்து வச்சிட்டுப் போனாக" என்றாள் என் மனைவி. "நான்தான் குங்குமம் குடுத்து அனுப்பினேன். யாரு வீட்டு விசேஷம்?"

பிரித்துப் படித்தேன்.

'அன்புடையீர், நிகழும் மங்களகரமான ஆவணி மாதம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள் கூடிய சுபவேளையில், நமது கிழக்குத் தெரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் வருவதாகப் பெரியோர்களால் இரண்டு முறை நிச்சயிக்கப்பட்ட வண்ணம், குழாய் திறந்து பார்க்கும் வைபவம் நடைபெற உள்ளதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துச் செல்லுமாறு அன்புடன் அழைக்கிறோம். தங்கள் நல்வரவை விரும்பும், கிழக்குத் தெருவார். அன்பளிப்புகளைத் தவிர்க்கவும். குடம் கொண்டு வரவும்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே இன்னொரு முறை படித்தேன். இது செய்தித்தாள் இல்லை, அதனால் தலைவருக்குக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் படிவத்திலும் இதற்கு இடம் கிடையாது. ஊரில் வீட்டுக்கு வீடு தட்டோடு போய் வைத்திருந்தார்கள், தலைவர் வீட்டிலும்தான். முறையாக வந்து பத்திரிகை வைத்துவிட்டால் இந்தப் பக்கத்தில் போகாமல் இருக்க முடியாது. தீராத பகையாளி வீடாக இருந்தாலும் தலையைக் காட்டிவிட்டுத்தான் வருவார்கள். "என்ன சண்டையா இருந்தாலும் வந்து வச்சிட்டாக, போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று என் மனைவி பட்டுச் சேலையை எடுத்துவிட்டாள். நான் ஜுரம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

தொட்டிக்குக் கீழே சாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலில் சந்தனம், கற்கண்டு. பன்னீர் தெளிக்க மீனாளின் மகள். கிழக்குத் தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. தலைவர் சலவை வேட்டி சட்டையில் வந்தார். அவர் மனைவி இடுப்பில் பித்தளைக் குடம் இருந்தது. "குடம் கொண்டு வரச் சொல்லி எழுதியிருக்காகளே" என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்து. தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து பத்திரிகையை எழுத்து எழுத்தாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "ஒரு பிழைகூட இல்லையே ஆத்தா" என்றார் மீனாளிடம், சோகமாக.

நல்ல நேரம் பார்த்து அவரையே குழாயைத் திறக்கச் சொன்னார்கள். எழுந்து போய்த் திறந்தார். புஸ் என்று ஒரு காற்று வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. யாரும் கத்தவில்லை. விசேஷ வீட்டில் யாராவது கத்துவார்களா? எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர் மனைவி குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"இணைப்புக் குழாயே போடலை, ஐயாவுக்கு நான் அப்பவே சொன்னேன்" என்றார் மாணிக்கம், கூட்டத்திலிருந்து.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆமா, சொன்னான். ரெண்டாவது தெறப்பு விழாவுக்கு முந்தியே சொன்னான். நாந்தான் நாள் குறிச்சாச்சேன்னு விட்டுட்டேன்" என்றார். என்னால் அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்லியிருக்க முடியாது. அப்போதுகூட நான் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த மாதத்துக்குள் இணைப்புப் போட்டுத் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு யாரும் விழா வைக்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை மீனாள் அலுவலகத்துக்கு வந்தார். வழக்கமாக என் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர், அன்று எதிரில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"சார், தொட்டிச் செய்தியை முழுசா எழுதுறேன். போன இதழ்ல ஏன் வரலைங்கிறதும் அதுல வரும். உங்க தரப்பு ரெண்டு வரி வேணும்."

"என் தரப்பா? மீனாள், நாங்க உங்களுக்கு உதவி பண்றவங்க."

"தெரியும் சார். அதனாலதான் நேர்ல வந்து கேக்குறேன். செய்தியை நிறுத்தி வைக்கச் சொன்னது நீங்க. உதவி நின்னுபோனா பேப்பரும் நின்னுபோகும்னு எனக்குத் தெரியும். யோசிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். யாரு நிறுத்தினாகங்கிறதை மறைச்சு எழுதினா அது எதுக்கு சார் பேப்பர்?"

எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. கூடவே, இத்தனை வருடமாக நான் பயிற்சி வகுப்புகளில் எந்த மாதிரி ஓர் ஆளை உருவாக்கவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேனோ, அந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. நல்லதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா?

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை எனக்குக் காட்டுறீங்களா?"

மீனாள் சிரிக்கவில்லை. நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்துபோனார்.

இதழ் வந்தது. நன்கொடையாளர்களுக்கு நானே மொழிபெயர்த்து அனுப்பினேன், கூடவே என் ராஜினாமாக் கடிதத்தையும். அவர்கள் பத்திரிகைக்கு உதவியை நிறுத்தவில்லை. கையெழுத்துக் கேட்கும் கேள்வியை நிறுத்தினார்கள். என் ராஜினாமாவுக்குப் பதிலே வரவில்லை, அதனால் ஓய்வு வயதுவரை இருந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தின் நகல்தான் இப்போது உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது. மூன்றாவது பத்தியைப் பாருங்கள். என் பெயர், பதவி, அதற்குக் கீழே நான் சொன்ன அந்த ஒரு வரி. மேற்கோள் குறிக்குள், அப்படியே.